4-ஆம் நம்பர் ஷூ எங்கே? பில்டர்களுக்கு ஒரு ஸ்டோர் கீப்பரின் திறந்த மடல்

வணக்கம்.

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடி கட்டுகிற பில்டர்களுக்கும், அவர்களிடம் வேலை எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டர்களுக்கும், ஏசி ரூமில் உட்கார்ந்து பர்ச்சேஸ் பார்க்கிற சார்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் சைட்டில் ஸ்டோர் கீப்பர். பதினான்கு வருஷமாக இதே வேலை, சைட்டு மட்டும் மாறிக்கொண்டிருக்கும். எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எத்தனை டன் கம்பி இறங்கியது, கட்டுக்கம்பியை யார் எடுத்துப் போனது என்று எழுதி வைக்கிறவன். ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் என் கையால்தான் போகும். அதனால் இந்த விஷயத்தைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. பழியிலும் கொஞ்சம் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஷூ வாங்கிக் கொடுத்தாலும் இவனுங்க போட மாட்டேங்கிறானுங்க" என்று நீங்கள் சொல்லாத மீட்டிங் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன். அவர்கள் போடுவதில்லை என்பது நிஜம். காலையில் ஏழரைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி, மணல் குவியலுக்குப் பின்னால் பாலிதீன் பையில் சுருட்டி வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு மேலே ஏறிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்த ஷூவை ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் போதும், நீங்கள் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் சைட்டில் நடந்து பாருங்கள். அப்புறம் பேசலாம்.

இண்டென்ட், அதாவது வேண்டிய பொருளைக் கேட்டு ஸ்டோரிலிருந்து அனுப்புகிற சீட்டு, எப்படிப் போகிறது தெரியுமா? "சேஃப்டி ஷூ, 40 ஜோடி". அவ்வளவுதான். சைஸ் எழுத அதில் கட்டமே கிடையாது. மூன்று கொட்டேஷன் வாங்கி, எது குறைவோ அதில் ஆர்டர் போடுவீர்கள். கடைக்காரர் தன்னிடம் தேங்கிக் கிடக்கிற ஏழு, எட்டு, ஒன்பதாம் நம்பர்களை மூட்டையாகக் கட்டி அனுப்புவார். நான் பிரித்துக் கொடுப்பேன், ரிஜிஸ்டரில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவேன். கால் பத்தாம் நம்பர் இருக்கிறவருக்கு ஒன்பது. ஆறாம் நம்பர்க்காரருக்கு ஏழு. "கொஞ்சம் பேப்பர் வெச்சுப் போட்டுக்கோப்பா" என்று நானே சொல்லியிருக்கிறேன். மேலே சொன்னேனே பழியில் பங்கு என்று, அது இதுதான்.

சாக்ஸ் கிடையாது. சாக்ஸ் இல்லாமல் அந்த முரட்டுத் தோலை மே மாசத்துச் சென்னை வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் குதிகாலில் கொப்புளம், விரலிடுக்கில் வெந்து வெள்ளையாக ஊறிய தோல். நாற்பது ரூபாய் சாக்ஸுக்கு யோசித்து ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஷூவை வீணாக்குகிற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

சரி, இதையெல்லாம் சகித்துக்கொண்டு ஒருத்தர் போட்டுக்கொள்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஷூ அவரை எதிலிருந்து காப்பாற்றுகிறது? இங்கேதான் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் வாங்குகிற ஷூவின் முனையில் ஒரு இரும்புத் தொப்பி இருக்கும். ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர அளவுப்படி அது 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி. நம் சைட்டு பாஷையில் சொன்னால், 4 இஞ்ச் சாலிட் பிளாக் ஒன்று பதினேழு, பதினெட்டு கிலோ வரும், அது இடுப்பு உயரத்தில் கைநழுவி விரல் மேல் விழுந்தால் தாங்கிவிடும். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பி இறக்கும்போதும் அது வேண்டும். கம்பி எடைக்கு நாங்கள் போடுகிற டி ஸ்கொயர் பை 162 கணக்கை (எம்.எம். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்) போட்டுப் பாருங்கள், 25 எம்.எம். கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 46 கிலோ வருகிறது. அதன் ஒரு முனை காலில் விழுந்தாலும் செருப்புப் போட்டவன் கதி என்ன?

ஆனால் உங்கள் சைட்டில், எந்த சைட்டிலும்தான், அதிகமாகக் காலைப் பதம் பார்ப்பது எது என்று என் முதலுதவிப் பெட்டியைக் கேட்டால் அது சொல்லும். ஆணி. சென்ட்ரிங்கை, அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்குகிற பலகை அடைப்பை, பிரிக்கிற நாட்களில் பலகையும் ரீப்பர் என்கிற மரச்சட்டமும் ஆணியோடு மல்லாந்து கிடக்கும். அதன் மேல்தான் நடக்க வேண்டும், வேறு வழி இருக்காது. ஆணி மேலிருந்து விழுவதில்லை, கீழிருந்து ஏறுகிறது. முனையில் இருக்கிற இரும்புத் தொப்பி அதை என்ன செய்யும்? அதற்கு அடித்தோலுக்குள் ஒரு தகடு வைத்த ஷூ வேண்டும். 1100 நியூட்டன் வரை, ஏறக்குறைய 110 கிலோ ஆள் அந்த ஆணி மேல் முழு எடையையும் போட்டு நின்ற மாதிரி, அழுத்தினாலும் ஆணி உள்ளே வரக்கூடாது என்பது அதற்கான சோதனை. அந்த ஷூவின் லேபிளில் பி என்ற எழுத்து இருக்கும், அல்லது எஸ்1பி, எஸ்3 என்று இருக்கும். நாக்கைத் தூக்கி உள்பக்கம் பார்த்தால் தெரியும். நான் பதினான்கு வருஷத்தில் பிரித்த மூட்டைகளில் அந்த எழுத்தைப் பார்த்த தடவைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தகடு வைத்தால் ஜோடிக்கு விலை கொஞ்சம் ஏறும், அதனால் மூன்று கொட்டேஷனில் அது ஜெயிக்கவே ஜெயிக்காது. சைட்டில் தினமும் குத்துவது கீழிருந்து, நீங்கள் இரும்பு வைத்திருப்பது மேலே. இதைத்தான் "கொடுத்தாச்சு" என்று ரிஜிஸ்டர் சொல்கிறது.

ஒரு நாள் கதையைச் சொல்கிறேன். மூன்றாவது மாடியில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒடிசாக்காரப் பையன் ஒருத்தன் கீழே வந்தான், வந்தான் என்பதைவிட இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான். வலது காலில் செருப்பு, செருப்புக்கு அடியில் ஒரு சாண் ரீப்பர் துண்டு, மூன்றையும் சேர்த்து இரண்டரை இஞ்ச் ஆணி தைத்திருந்தது. யாரும் தொடத் துணியவில்லை. அவனே என் ஸ்டோர் வாசல்படியில் உட்கார்ந்து, இடது காலால் கட்டையை மிதித்துக்கொண்டு வலது காலை மேலே இழுத்தான். ஒரு சின்னச் சத்தம் வந்தது, ஈர மண்ணிலிருந்து கடப்பாரையை உருவுகிற மாதிரி. பக்கத்தில் நின்ற மேஸ்திரி உடனே அதே செருப்பை எடுத்துக் காயத்தின் மேல் பட்பட்டென்று அடிக்க ஆரம்பித்தார். கெட்ட ரத்தம் போகட்டும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம். நான் கழுவிக் கட்டுப் போட்டு டி.டி. ஊசிக்கு அனுப்பினேன். நாலு நாள் அவன் வேலைக்கு வரவில்லை, நாலு நாள் சம்பளமும் வரவில்லை. ஐந்தாவது நாள் வந்தான், அதே செருப்போடு. செருப்பில் ஓட்டை இருந்தது.

அவன் சின்னப் பையன், ஆறிவிட்டது. இன்னொரு சைட்டில் ஒரு கொத்தனார், ஐம்பதைத் தாண்டியவர், சுகர் இருந்தது. சுகர் வந்த காலில் உணர்ச்சி மங்கிப்போகும் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான், உங்கள் வீட்டிலும் யாருக்காவது இருக்கும். ஆணி குத்தியதே அவருக்குச் சாயங்காலம் கால் கழுவும்போதுதான் தெரிந்தது. மூன்று வாரத்தில் கட்டை விரலை எடுத்துவிட்டார்கள். நஷ்டஈடு விஷயமாக அவர் மகனோடு அலைந்தபோதுதான் எனக்கு ஒரு கணக்குத் தெரியவந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தில் எந்த உறுப்பு போனால் எவ்வளவு என்று ஒரு அட்டவணை இருந்தது. கால் கட்டை விரல் அடிமூட்டோடு போனால், சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் போனதாகக் கணக்கு. மற்ற விரல் என்றால் 3. அந்த அட்டவணையைப் போட்டவர் நிச்சயம் சாரத்தில் ஏறியிருக்க மாட்டார். கட்டை விரல் இல்லாமல் ஏணிப்படியில் ஊன்ற முடியாது, குந்தி உட்கார்ந்து கல் வைக்கவும் வராது. அந்த மனுஷருக்கு 14 சதவீதமா போனது? இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். அதுவும் யாரோ கட்டிய அபார்ட்மெண்ட்தான்.

இப்போது என் பக்கத்தில் இருக்கிற ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே கேட்பீர்கள். வெறுங்காலோடு இருப்பதற்கும் காரணம் உண்டு. சவுக்குக் கட்டைச் சாரத்தில் நிற்கிறவர் கால் விரலால்தான் கட்டையைப் பிடிக்கிறார். முரட்டு ஷூ போட்டால் அந்தப் பிடி போய்விடும், அந்த இடத்தில் வெறுங்கால்தான் அவருக்குப் பாதுகாப்பு. டைல்ஸ் ஒட்டுகிறவர் ஷூவோடு உள்ளே போனால் நீங்களே திட்டுவீர்கள். ஆகவே "எல்லாரும் எப்போதும் ஷூ" என்று போர்டு மாட்டுவதில் அர்த்தமில்லை. அதே சமயம் கட்டைச் சாரத்தை வைத்துக்கொண்டு ஷூ போடவில்லை என்று அபராதம் போடுவது அதைவிட அபத்தம். நடக்கப் பலகை போட்ட கப்லாக் (இரும்புக் குழாய்) சாரம் கொடுங்கள், அப்போது அவர் ஷூவோடு நிற்பார். எந்த வேலைக்கு எந்தக் காலணி என்று யோசிப்பதற்குத்தான் சேஃப்டி ஆபீசர் என்று ஒருத்தரை வைத்திருக்கிறீர்கள். அவரோ பாதி நாள் ஃபைலுக்கு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த போட்டோவைக் கேட்பது நீங்கள்தானே.

கான்கிரீட் போடுகிற அன்றைக்கு வாருங்கள். விடியற்காலையில் ரெடிமிக்ஸ் வண்டி வரிசை கட்டி நிற்கும், பம்ப் ஓட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பதினைந்து பேர் கணுக்கால் அளவு கலவையில் நிற்பார்கள். என் ஸ்டோரில் கம்பூட், அதாவது ரப்பர் பூட்ஸ், மூன்று ஜோடி. ஒருத்தர் கழற்றியதை அடுத்தவர் போடுவார், உள்ளே வியர்வையும் சிமெண்ட் பாலும் சேர்ந்து சொதசொதவென்று இருக்கும். ஈர சிமெண்டின் காரம், 14 வரை போகிற பி.எச். கணக்கில், 12, 13 அளவில் நிற்கிறது, சோப்பெல்லாம் அதன் பக்கத்தில் வர முடியாது. மோசம் என்னவென்றால் அது உடனே சுடாது. வேலை நடக்கும்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி படுத்த பிறகுதான் தோல் எரிய ஆரம்பிக்கும். "சிமெண்டு தின்னுடுச்சு" என்பார்கள். மறுநாள் பார்த்தால் குதிகாலைச் சுற்றிப் பொத்துப்போயிருக்கும். சில பேர் காலையிலேயே தேங்காய் எண்ணெயை வழித்துத் தடவிக்கொண்டு இறங்குவார்கள், இன்னும் சிலர் சிமெண்ட் சாக்கைக் கிழித்துக் காலில் சுற்றிக் கட்டுவார்கள். சந்திரனுக்கு ராக்கெட் விட்ட நாட்டில், பல கோடி ரூபாய் ப்ராஜெக்டில், பாதுகாப்புக் கவசம் என்பது தேங்காய் எண்ணெய்.

ஈரக் கான்கிரீட்டில் நிற்கிறவருக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ் கொடுக்க வேண்டும் என்று 1998-இல் வந்த மத்திய விதிகளிலேயே எழுதிவிட்டார்கள். நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கு ஒன்று, உயரமான பூட்ஸாக, பேன்ட் அதற்கு வெளியே தொங்குகிற மாதிரி. குட்டை பூட்ஸ் கொடுத்து அதற்குள் பேன்டைச் செருகினால் கலவை உள்ளே இறங்கி நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கும், அதற்கு வெறுங்காலே மேல், வெறுங்காலைக் கழுவவாவது முடியும்.

காசு விஷயம். உங்களில் சில பேர் நேரடியாகச் செய்வதில்லை, லேபர் காண்ட்ராக்டர் தலையில் கட்டிவிடுகிறீர்கள். அவர் என்ன செய்கிறார்? சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது ஷூவுக்கு அறுநூறு என்று பிடித்துக்கொள்கிறார். ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கிறவன் அறுநூறு ரூபாய் போனால் ஷூவை மதிப்பானா, வெறுப்பானா? அதைக் கட்டி வைத்து ஊருக்குப் போகும்போது தம்பிக்கு எடுத்துப் போகிறான். நான் அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வேலையிடத்துப் பாதுகாப்புக்காகச் செய்கிற எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. தெரியாது என்று சொல்லாதீர்கள், உங்கள் வக்கீலுக்குத் தெரியும்.

இனி சித்தாள்கள். ஃபைலில் "லேடி ஒர்க்கர்" என்று இருக்கிறவர்கள். ஜல்லி, மணல், கலவை எல்லாம் அவர்கள் தலையில்தான் ஏறுகிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி வருவதற்கு முன்னால் அந்தப் படியில் ஆயிரம் தடவை ஏறி இறங்குகிறவர்கள். அவர்கள் கால் மூன்று, நான்கு, அதிகம் போனால் ஐந்தாம் நம்பர். உங்கள் மூட்டை ஏழில் ஆரம்பிக்கிறது. தலையில் சட்டி நிறையக் கலவையோடு இரண்டு சைஸ் பெரிய ஷூவில் படி ஏறுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஷூ தனியாக ஏறும், கால் தனியாக ஏறும். ஒரு அக்கா அப்படித்தான் விழுந்தார். நல்லவேளை, கீழே மணல். அன்றிலிருந்து அந்த சைட்டில் எந்தப் பெண்ணுக்கும் ஷூ கிடையாது. "லேடீஸ்க்கு ஒத்து வரலை" என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். இத்தனைக்கும் பெங்களூர் ரோட்டைப் பிடித்துப் போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வழி முழுக்கத் தோலும் காலணியும்தான் தொழில். அங்கே தைக்கிற ஷூ கப்பல் ஏறி எங்கெங்கோ உள்ள கால்களுக்குப் போகிறது. இங்கே கலவை சுமக்கிற காலுக்கு நான்காம் நம்பர் கிடைக்கவில்லை என்றால் அதை நான் நம்ப வேண்டுமா?

போன மாசம் ஒரு காரியம் செய்தேன். டைல்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, அட்டை மேல் நிற்க வைத்து, கார்பெண்டர் பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டேன். பீகார் பையன்களுக்கு அது ஒரே வேடிக்கை, "ஜூத்தா, ஜூத்தா" என்று வரிசையில் வந்து நின்றார்கள். சித்தாள்கள்தான் வரவில்லை. கடைசியில் வயசான ஒரு அம்மா வந்தார். காலை அட்டையில் வைக்கச் சொன்னால் வைக்க மாட்டேன் என்கிறார். என்னம்மா என்றால், "நீ குனிஞ்சு என் காலைத் தொடப்போறியா தம்பி, வேணாம்ப்பா, பாவம்" என்று நாலு அடி பின்னால் போய்விட்டார். பென்சிலை அவர் கையிலேயே கொடுத்து, நீங்களே போடுங்கள் என்றேன். உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, கோலம் போடுகிற மாதிரி ஒரே இழுப்பில் போட்டார். குதிகால் வெடிப்பில் சிமெண்ட் ஏறி இறுகியிருந்ததால் அந்த இடத்தில் மட்டும் கோடு கொஞ்சம் நெளிந்திருக்கிறது. அளந்தால் நான்காம் நம்பர். முப்பது வருஷமாகக் கட்டட வேலை செய்கிறாராம், ஷூவுக்காக ஒருத்தர் அளவெடுப்பது இதுதான் முதல் தடவை என்றார். பிறகு மற்ற பெண்களும் வந்தார்கள்.

மார்ச் 4 வந்தால் தேசியப் பாதுகாப்பு நாள் என்று பேனர் கட்டி, உறுதிமொழி எடுத்து, வரிசையில் நிற்க வைத்து போட்டோ எடுக்கிறீர்கள். அன்றைக்கு மட்டும் எல்லார் காலிலும் ஷூ இருக்கும், அதையும் நான்தான் காலையில் எடுத்துக் கொடுத்து, டீ, சமோசா முடிந்ததும் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைக்கிறேன். அடுத்த தடவை அந்த போட்டோவைப் பெரிதாக்கிக் கால்களை மட்டும் பாருங்கள். எத்தனை பேருக்கு லேஸ் கட்டவில்லை, எத்தனை பேர் பின்பக்கத்தை மிதித்து நிற்கிறார்கள் என்று தெரியும்.

செலவு என்று மட்டும் சொல்லாதீர்கள், கணக்கு எழுதுகிறவனிடம் அது எடுபடாது. சாம்பிள் ஃப்ளாட்டின் பாத்ரூமில் நீங்கள் மாட்டிய ஒரு ஷவர் செட்டின் பில் என் ஃபைலில் இருக்கிறது. அந்தக் காசுக்குத் தகடு வைத்த ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸோடு, ஒரு கேங் முழுக்கப் போடலாம்.

அந்த அட்டைகள் எல்லாம் இப்போது என் ஸ்டோரில் அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பெயரும் நம்பரும் எழுதியிருக்கிறேன். மூன்றிலிருந்து பதினொன்று வரை கால் இருக்கிறது. திங்கட்கிழமை இண்டென்ட் வரும். இந்த முறை சைஸ் வாரியாகப் பிரித்து, பி என்று லேபிள் இருக்க வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், சாக்ஸ் தலைக்கு இரண்டு ஜோடி, கம்பூட் பதினைந்து என்று எழுதியிருக்கிறேன். நான்காம் நம்பர் ஆறு ஜோடி. "மினிமம் ஆர்டர் அளவு வரவில்லை" என்று அந்த வரியை வெட்டிவிடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வெட்டுவதாக இருந்தால் ஒரு நடை சைட்டுக்கு வாருங்கள், அந்த அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். "ஷூ வந்துச்சா தம்பி" என்று தினமும் கேட்கிறார், என்னால் சமாளிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சைட்டுகளில் ஒன்றின் ஸ்டோர் கீப்பர்